ஆரோ எறிந்த கூப்பன்

முதல் கூப்பன் தள்ளுவண்டிக்குள் கிடந்தது. கல்முனை பிரதான வீதியில் அந்த சுப்பர் மார்க்கட் திறந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். நான் வண்டியை இழுத்தெடுத்தபோது, எனக்கு முன்னால் வந்து போன யாரோ விட்டுச் சென்ற பில் ஒன்று கம்பிகளுக்கு இடையில் சிக்கியிருந்தது. குப்பையில் போடத்தான் எடுத்தேன். பில்லின் கீழ்ப் பகுதியில் கோடு போட்டுப் பிரித்து, அடுத்த முறை மூவாயிரம் ரூபாவுக்கு மேல் சாமான் வாங்கினால் இருநூறு ரூபா கழிவு என்று அச்சடித்திருந்தார்கள். மாதக் கடைசித் தேதியும் போட்டிருந்தது.

சுற்றிப் பார்த்தேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை. அந்தத் துண்டைக் கிழித்து ஹபாயாப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அன்றைக்கே கவுண்டரில் அதை நீட்டினேன். கேஷியர் பிள்ளை என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. வாங்கினாள், மெஷினில் காட்டினாள், இருநூறு ரூபா குறைந்தது. அவ்வளவுதான்.

அப்போது எங்கள் வீட்டு நிலைமை இதுதான். கட்டாரில் என் கணவர் வேலை செய்த கொம்பனியை மூடிவிட்டார்கள். இரண்டு பெட்டியோடு வந்து இறங்கினார். வந்து ஆறு மாதம் வேலை தேடிவிட்டு, வாடகைக்கு ஒரு ஓட்டோ எடுத்து ஓடத் தொடங்கினார். நான் சாய்ந்தமருதில் ஒரு நேசரியில், பள்ளிக்குப் போகாத சின்னப் பிள்ளைகளுக்கு, டீச்சர். நேசரிச் சம்பளம் எவ்வளவு என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். மூத்த மகள் ஏ லெவல் படித்துக்கொண்டிருந்தாள், சின்னவள் ஐந்தாம் வகுப்பு. அரிசி மட்டும் கவலையில்லை. ராத்தா, என் மூத்த சகோதரி, ஒரு மதிலுக்கு அப்பால்தான் இருந்தாள், அவள் கணவருக்குச் சம்மாந்துறைப் பக்கம் கொஞ்சம் வயல் இருந்தது, அறுவடைக்கு அறுவடை எங்களுக்கும் மூட்டை வரும். ஆனால் அரிசியை மட்டும் அவித்துத் தின்ன முடியுமா? பருப்பு, சீனி, பால்மா, எண்ணெய், சவுக்காரம் என்று ஒவ்வொன்றின் விலையும் போன கிழமை ஒன்று, இந்தக் கிழமை ஒன்று. கடைக்குப் போகும்போது கையில் உள்ள பட்டியலைவிட, அதில் எதை வெட்டுவது என்ற யோசனைதான் பெரிதாக இருந்தது.

அதனால் கூப்பன் தேடத் தொடங்கினேன். தேடத் தொடங்கினேன் என்று இப்போது எழுதுகிறேன், அப்போது எனக்கே அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. வண்டி எடுக்கும்போது நாலைந்து வண்டிக்குள் ஒரு பார்வை. கூடைகளை அடுக்கி வைத்திருக்கும் இடத்தில் ஒரு பார்வை. வாசலுக்குப் பக்கத்தில் வேண்டாத பில் போடுவதற்கென்றே ஒரு சின்னப் பெட்டி வைத்திருந்தார்கள். அதன் மேலே அந்த வாரத்து விலைக்கழிவு நோட்டீஸ் ஒட்டியிருக்கும். நோட்டீஸை வாசிக்கிற மாதிரி நின்று, பெட்டிக்குள் கையை விட்டு மேலே கிடப்பதை எடுத்துக்கொள்வேன். ஒரே நோட்டீஸை எத்தனை தரம் வாசித்திருப்பேனோ தெரியாது.

நேசரிப் பிள்ளைகளின் உம்மாமார் எல்லோரும் அந்தக் கடைக்கு வருகிறவர்கள். யாராவது, "டீச்சர்!" என்று கூப்பிட்டால் கையை மூடிக்கொள்வேன். திரும்பிச் சிரிப்பேன். கைக்குள் கசங்கிய கடதாசி இருக்கும்.

ஹலாலா ஹறாமா என்ற கேள்வியும் விடவில்லை. வெள்ளிக்கிழமை பெண்களுக்கு நடக்கும் மார்க்க வகுப்பில் மௌலவியாவிடம், ஒரு ஆள் கேட்கச் சொன்னா என்று சொல்லிக் கேட்டேன். அவர் சொன்னார்:

"வேணாமெண்டு எறிஞ்சத எடுக்கிறதில பிழையில்ல. ஆனா அந்தக் கழிவு கடைக்காரர் ஒரு ஆளுக்கெண்டு குடுத்தது. மத்த ஆள் பாவிக்கலாமா எண்டு கடைக்காரரக் கேட்டுக் கொள்ளச் சொல்லுங்க."

முதல் பாதியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

கூப்பன் சேர்ந்தது. ஆனால் ஒரு பில்லுக்கு ஒன்றுதான் பாவிக்கலாம், ஒவ்வொரு பில்லும் மூவாயிரத்துக்கு மேல் போக வேண்டும். எங்கள் வீட்டுக்கு மட்டும் வாங்கினால் அத்தனை பில் வராது. ராத்தாவிடம் சொன்னேன். எங்கிருந்து கூப்பன் வருகிறது என்று சொல்லவில்லை, கடையில் தருகிறார்கள் என்றேன். அவளும் சேர்ந்தாள். ஐந்து கிலோ பருப்புப் பை, பத்துக் கிலோ சீனிப் பை, பெரிய கேனில் எண்ணெய், டசின் கணக்கில் சவுக்காரம். மொத்தமாக எடுத்தால் அதிலேயே ஒரு கழிவு, கூப்பனில் இன்னொரு கழிவு. கொண்டுவந்து குசினியில் பாய் விரித்து, பால்மா டின்னால் அளந்து இரண்டு வீட்டுக்கும் பிரிப்போம். ராத்தா டின்னின் வாயை உள்ளங்கையால் தட்டையாக வழித்துவிட்டு, "பாத்துக்கோ, பொறவு கொறஞ்சு போச்செண்டு சொல்லப்படாது" என்பாள்.

மிச்சம் பிடித்தது உண்மை. ஆனால் அந்தச் சாமான்கள் வீட்டுக்குள் வந்த பிறகு எனக்கு நிம்மதி இல்லாமல் போனது. எங்கள் வீடு கடலிலிருந்து அவ்வளவு தூரமில்லை. உப்புக் காற்றில் எதுவும் நின்றுபிடிக்காது. சீனி கசிந்தது. பருப்பில் வண்டு வந்துவிட்டதோ என்று இரண்டு நாளைக்கு ஒருதரம் வாளியைத் திறந்து கையை விட்டுப் பார்ப்பேன். கட்டிலுக்கு அடியில் சவுக்காரப் பெட்டி, அதனால் அறை முழுக்கச் சவுக்கார மணம். ஒருநாள் அவர் சுபஹுத் தொழுகைக்கு எழும்பி எண்ணெய்க் கேனில் கால் விரலை இடித்துக்கொண்டு, "இது வீடா, கடையா புள்ள?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. ஆனால் கேட்டுவிட்டு என் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

கூப்பன்களை நேசரிப் பிள்ளைகளின் வரவுப் பதிவுப் புத்தகத்தின் உறைக்குள் வைத்திருந்தேன். மாதம் முடியப் போகும்போது அவற்றின் நினைவு என்னை விடாது. பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கும்போதும், இன்னும் மூன்று கூப்பன் கிடக்கிறது, தேதி போகப் போகிறது என்றே மனசு ஓடும். தேவையில்லாத சாமானைக்கூட, கூப்பன் வீணாகிவிடும் என்று வாங்கியிருக்கிறேன். எங்கள் வீட்டில் யாரும் தின்னாத பாஸ்டா ஆறு பக்கட் ஒரு வருடம் கிடந்தது.

நோன்பு தொடங்குவதற்கு முந்திய சனிக்கிழமை. நோன்புச் சாமான் வாங்கப் போகும் நாள் என்பதால் கடை நிறையச் சனம். பேரீச்சம்பழம், பருப்பு, சீனி, மா, பால்மா, கஞ்சிக்குத் தேவையான மற்றதெல்லாம், இரண்டு வீட்டுக்கும் ஒரு மாதத்துக்கு. கையில் நாலு கூப்பன். மூன்று பேர் போனோம், நான், ராத்தா, என் மூத்த மகள். அவர் ஓட்டோவோடு வெளியில் நின்றார். சாமானை நாலு பங்காக்கி, ஆளுக்கொரு கவுண்டரில் நிற்பது, நாலாவதை நானே மறுபடி வரிசையில் நின்று போடுவது என்று வீட்டிலேயே பேசி வைத்திருந்தேன்.

மகளுக்கு விருப்பமில்லை. வண்டியைப் பிடித்துக்கொண்டு என் காதோரம் சொன்னாள்.

"உம்மா, என்ட வகுப்புப் புள்ளைகள் நிக்கிதுகள். நான் வெளியில வாப்பாவோட நிக்கட்டா?"

"சல்லி மிச்சம் புடிக்கிறதில என்ன வெக்கம்? சும்மா நில்லு" என்றேன்.

அவள் நின்றாள். தலையைக் குனிந்துகொண்டு, துப்பட்டியின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ராத்தாவின் பில் முடிந்து அவள் வெளியே போய்விட்டாள். மகளுடையதும் முடிந்தது. என்னுடைய முதல் பில்லும் முடிந்தது. நான் நாலாவது பங்கோடு மறுபடி வரிசையில் நின்று, சாமானை மேசையில் வைத்து, கூப்பனை நீட்டினேன். கேஷியர் பிள்ளை அதை மெஷினில் காட்டவில்லை. கையில் வைத்துக்கொண்டு, "டீச்சர், ஒரு நிமிசம்" என்று சொல்லிவிட்டு யாரையோ பார்த்துக் கையைக் காட்டினாள்.

மனேஜர் வந்தார். முப்பது வயதுக்கு மேல் இராது, வெளியூர்ப் பிள்ளை. மரியாதையாகத்தான் கதைத்தார். "கொஞ்சம் உள்ளுக்கு வாங்க டீச்சர், ஒரு விசயம் கேக்கணும்." என் பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். யார் யார் நின்றார்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மகள் வண்டிகளுக்குப் பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மீன், இறைச்சி வைக்கும் குளிர் அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. ஒரு மேசை, ஒரு கொம்பியூட்டர். சுவரில் கேமராப் படங்கள் ஓடும் டிவி ஒன்று. அதில் வாசல் தெரிந்தது. வாசலில் அந்த பில் பெட்டி தெரிந்தது.

அவர் டிவியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூப்பனை மேசையில் வைத்து, அதன் ஓரத்தில் இருந்த நாலு இலக்கங்களை விரலால் காட்டினார். அதை நான் இவ்வளவு காலமும் பில் நம்பர் என்று நினைத்திருந்தேன்.

"இது அந்தக் கஸ்டமர்ட போன் நம்பர்ர கடைசி நாலு இலக்கம். கூப்பன் அவங்கட பேர்லதான் வாற. இண்டைக்கு நீங்க குடுத்தது ரெண்டும் வேற வேற ஆக்கள்ற. ஹெட் ஒபீசில கேக்கிறாங்க, ஏன் இந்தக் கடையில மட்டும் இப்பிடி நடக்குதெண்டு. இந்த ஆக்கள் உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

நான் எறிந்ததைத்தான் எடுத்தேன் என்று சொல்லியிருக்கலாம். அதில் என்ன பெரிய குற்றம்? ஆனால் குப்பையில் எடுத்தேன் என்ற சொல் வாயில் வரவில்லை. டீச்சர் என்று கூப்பிடுகிற ஒருவரிடம் அதைச் சொல்ல முடியவில்லை.

"ஓம், தெரிஞ்சவங்க. அவங்கதான் தந்தாங்க" என்றேன்.

அவருக்கு முகம் தெளிந்தது. "அப்ப பிரச்சினையில்ல டீச்சர். ஒருக்கா அவங்களக் கேட்டுட்டு, ஹெட் ஒபீசுக்குச் சொல்லிருவன்" என்று கொம்பியூட்டரில் தேடி, போனை எடுத்தார்.

யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டு நின்றேன். முதல் நம்பர் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. எனக்கு மூச்சு வந்தது. அவர் இரண்டாவது நம்பரைப் போட்டார். போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் விட்டார். நம்பர் திரையில் பெரிதாகத் தெரிந்தது. மூன்றாவது தரம் அடிக்கும்போது எடுத்தார்கள்.

"ஆரது?" வயதான ஒரு பொம்பிளையின் குரல்.

மனேஜர் கடையின் பெயரைச் சொன்னார். "அம்மா, உங்கட பில்லில வந்த கழிவுக் கூப்பன் ஒண்ட இஞ்ச ஒரு டீச்சர் கொண்டு வந்திரிக்காங்க. நீங்க குடுத்ததெண்டு சொல்றாங்க. சரியா எண்டு கேக்கத்தான் எடுத்த."

மறுபக்கம் எங்கோ ஒரு ரேடியோ பாடுவது மட்டும் கேட்டது. நான் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ஓம் தம்பி" என்றது அந்தக் குரல். "நான்தான் குடுத்தன். ஏன், குடுக்கக் கூடாதா?"

"இல்லம்மா, குடுக்கலாம், சும்மா கேட்ட..."

"அப்ப அந்தப் புள்ளைய ஏன் நிப்பாட்டி வெச்சிரிக்கிறீங்க? சாமானக் குடுத்து அனுப்புங்க."

போன் வைக்கப்பட்டது. மனேஜர் வெட்கப்பட்டுச் சிரித்தார். மன்னித்துக்கொள்ளச் சொன்னார். இனி கூப்பன் பாவிப்பதென்றால் அவரவர் நம்பரைச் சொல்ல வேண்டிவரும், புது ஒழுங்கு வருகிறது என்றார். அவர் மன்னிப்புக் கேட்டதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பாரமாக இருந்தது.

கவுண்டருக்குத் திரும்பி வந்தேன். கேஷியர் பிள்ளை கூப்பனை வாங்கக் கையை நீட்டினாள். "வேணாம், கழிவில்லாமப் போடுங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் தெரியாது, அந்தக் கடதாசியை இன்னொருதரம் தொட முடியவில்லை. போட்டாள். என்னிடம் இருந்த காசு போதவில்லை. எதை எடுத்து வைப்பது என்று அவள் கேட்டாள். நான் நின்றபடி சாமானைப் பார்த்துக்கொண்டிருந்தேன், மூளை ஓடவில்லை. மகள் எப்போது பக்கத்தில் வந்தாள் என்று தெரியாது. பேரீச்சம்பழப் பக்கட் இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு போய், அது இருந்த தட்டிலேயே வைத்துவிட்டு வந்தாள். வந்து மற்றப் பைகளைத் தூக்கிக்கொண்டாள்.

ஓட்டோவில் ராத்தா பேரீச்சம்பழ விலையைப் பற்றியே சொல்லிக்கொண்டு வந்தாள். "ஏன் இவ்வளவு சுணங்கின?" என்று ஒருதரம் கேட்டாள். "மெஷின் பிழை" என்றாள் மகள். என் மகள் எனக்காகச் சொன்ன பொய். அது அன்றைக்கு நடந்த மூன்றாவது பொய்.

என் கணவரிடம் அடுத்த நாள் காலையில் சொன்னேன். தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். பெட்டிக்குள் கை விட்டது முதல் எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்ப முதல்ல எடுத்த நம்பர்?" என்று கேட்டார்.

"எந்த நம்பர்?"

"எடுக்காத நம்பர். அந்த ஆள் மிஸ்கோல் பாத்துட்டுத் திருப்பி எடுத்தா?"

அதை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. அந்த நிமிடத்திலிருந்து மூன்று நாலு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. முதல் நோன்பு வந்தது, நோன்பு பிடித்தால் பசிக்க வேண்டும், எனக்குப் பசிக்கவும் இல்லை. அந்த ஆள் திருப்பி எடுத்திருப்பார், நான் யாருக்கும் கூப்பன் கொடுக்கவில்லையே என்று சொல்லியிருப்பார். மனேஜர் டிவியில் பழைய படத்தை ஓட்டிப் பார்ப்பார். யாராவது ஒருவர் போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் போதும், மாலை மஃரிபுக்கு முதல் ஊர் முழுக்கப் பார்த்துவிடும். நேசரியில் எந்த உம்மா கொஞ்சம் கூர்ந்து பார்த்தாலும், இவவுக்குத் தெரியுமோ என்று நினைத்தேன். பிள்ளையைக் கூட்டிப்போக ஒருத்தி பிந்தி வந்தாலும், வேறு நேசரி பார்க்கப் போயிருக்கிறாளோ என்று நினைத்தேன். என் போன் அடித்தால், தெரியாத நம்பர் என்றால், எடுக்கவும் பயம், எடுக்காமல் விடவும் பயம்.

வரவுப் புத்தகத்தின் உறைக்குள் மிச்சமிருந்த கூப்பன்களை அடுப்பில் போட்டேன். ஆனால் ஒரு விசயம் மட்டும் எரியவில்லை. மனேஜரின் போன் திரையில் தெரிந்த அந்த இரண்டாவது நம்பர் எனக்குப் பாடமாகியிருந்தது. தலைகீழாகப் பார்த்த நம்பர். பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை, பயத்தில் கண் வேறெங்கும் போகாமல் அதிலேயே நின்றதால் பதிந்துவிட்டது.

புதன்கிழமை, நேசரி விட்டுப் பிள்ளைகள் எல்லோரும் போன பிறகு, சின்னக் கதிரை ஒன்றில் உட்கார்ந்து அந்த நம்பரை எடுத்தேன்.

"நான்... சனிக்கிழமை சுப்பர் மார்க்கட்டில..." அதற்கு மேல் வரவில்லை.

"ஆ, நீதானா அந்த டீச்சர்?" என்றது அதே குரல். "என்னகா, அழுறியா?"

நான் அழுதேன். எல்லாவற்றையும் சொன்னேன். பில் பெட்டியையும் சொன்னேன். முடிந்ததும் கேட்டேன், "என்னத் தெரியாதே, ஏன் ஓமெண்டு சொன்னீங்க?"

"அந்தப் பொடியன் கதைக்கக்குள்ள பக்கத்தில ஆரோ மூச்சு விடாம நிக்கிற மாதிரி எனக்குக் கேட்டிச்சு. நான் முப்பது வருசம் ஆசுபத்திரியில நேர்ஸா வேல செஞ்சவள். மூச்சு விடாம நிக்கிற ஆக்கள எனக்குத் தெரியும்."

பிறகு அவர் தன்னைப் பற்றிச் சொன்னார். கல்முனையில் கோயிலுக்குப் பின்னால் உள்ள தெருவில் தனியாக இருக்கிறார். கணவர் இல்லை. மகன் கனடாவில். கண்ணாடி இல்லாமல் பில் வாசிக்க முடியாது, கண்ணாடியைக் கடைக்குக் கொண்டுபோக மறந்துவிடுவார், அதனால் பில்லை அங்கேயே போட்டுவிட்டு வருவார். அதில் கூப்பன் இருப்பதே சனிக்கிழமை மனேஜர் சொல்லித்தான் தெரியும்.

"எவ்வளவு கழிவு?" என்று கேட்டார்.

"இருநூறு."

"சீ, இவ்வளவு நாளும் எறிஞ்சுட்டனே!" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பல நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. உடனே, பொய்யையும் சொல்லிவிட்டு, நோன்போடு இருந்துகொண்டு இப்போது சிரிக்கிறோமே என்றும் இருந்தது.

அவரேதான் அடுத்ததைக் கேட்டார். "நீங்க ரெண்டு வீட்டுக்கும் மொத்தமா வாங்கிப் பிரிக்கிறீங்களெண்டு சொன்னாய் தானே. என்னையும் சேக்கலாமா? தனி ஆளுக்குச் சின்னப் பக்கட்டாத்தான் வாங்கோணும். அதுக்குத்தான் விலை கூட. பெரிசா வாங்கினா வண்டு தின்னுது."

ராத்தாவிடம் சொல்லாமல் முடியாது. சொன்னேன், எல்லாவற்றையும்தான். அவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். "குப்பப் பெட்டிக்குள்ளயா? என்னட்டக் கேட்டா நான் தரமாட்டனா புள்ள?" என்று ஏசினாள். மதிலுக்கு இந்தப் பக்கம் வராமல் இரண்டு நாள் கோபமாக இருந்தாள். மூன்றாம் நாள் இஃப்தாருக்குக் கஞ்சிச் சட்டியோடு வந்து, "அந்த நேர்ஸ் அக்காவுக்குப் பருப்பு எவ்வளவு வேணுமாம்?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு சாமான் எடுப்பது கல்முனைச் சந்தைப் பக்கமுள்ள மொத்தக் கடையில். அங்கே கூப்பன் கிடையாது, மூட்டையாக எடுத்தால் விலை குறைவு, அவ்வளவுதான். மூன்று பங்காகப் பிரித்து, நேர்ஸ் அக்காவின் பங்கை என் கணவர் ஓட்டோவில் கொண்டுபோய்க் கொடுப்பார். முதல் தரம் நானும் போனேன். கதவைத் திறந்தவர் நெற்றியில் திருநீறு, தோளில் துவாய், குட்டையான ஆள். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "குரலுக்கு ஏத்த ஆளில்ல நீ. நான் சின்னப் புள்ளையெண்டு நினச்சன்" என்றார். நோன்பு என்று தெரிந்தும் பழக்க தோஷத்தில் தண்ணீர் கொண்டுவந்து, பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பக் கொண்டுபோனார். அடுத்த முறை நான் சுப்பர் மார்க்கட்டுக்குப் போகும்போது தன் நம்பரைச் சொல்லிக் கூப்பனைப் பாவிக்கச் சொன்னார். "வேணாம் அக்கா, எனக்கு ஏலா" என்றேன். அவர் வற்புறுத்தவில்லை.

முதல் நம்பர்க்காரர் திருப்பி எடுத்ததாக எந்தக் கதையும் என் காதுக்கு வரவில்லை. மனேஜரிடம் சொன்ன பொய் மட்டும் அப்படியே கிடந்தது. அக்கா மன்னித்ததால் அவருக்குச் சொன்னது அழிந்துவிடுமா? மௌலவியா சொன்னதில் நான் விட்டுவிட்டு வந்த மற்றப் பாதி அடிக்கடி நினைவுக்கு வந்தது. பெருநாள் கழிந்து ஒரு மாதத்துக்குப் பிறகு, ஒரு பின்னேரம், உண்மையைச் சொல்லத் துணிந்து அந்த சுப்பர் மார்க்கட்டுக்குப் போனேன். மகளும் வந்தாள். நான் கூப்பிடவில்லை. எங்கே போகிறேன் என்று கேட்டாள், சொன்னேன், "நில்லுங்க, நானும் வாறன்" என்று துப்பட்டியை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

வாசலில் பில் பெட்டி இல்லை. எடுத்துவிட்டிருந்தார்கள். என்னால்தானோ என்று நினைத்தேன். உள்ளே அந்த அறையில் வேறொரு ஆள் உட்கார்ந்திருந்தார். முதல் இருந்த மனேஜரைக் கேட்டேன்.

"அவர் மாற்றலாகிப் போயிட்டாரே. என்ன விசயம்?"

மகள் என் முகத்தைப் பார்த்தாள். இந்தப் புது ஆளிடம் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் நின்றேன். சொன்னால் அவர் எழுதிக்கொள்வாரா, பழைய மனேஜருக்கு ஏதும் கரைச்சல் வருமா, விசாரிக்காமல் விட்டது அவர் பிழை என்பார்களா என்று மனசு ஓடியது. நல்ல பிள்ளை அவர், என்னிடம் மன்னிப்புக் கேட்ட பிள்ளை.

"ஒண்டுமில்ல, சுகம் கேக்கத்தான் வந்த" என்றேன்.

வெளியே வந்து பிரதான வீதியைக் கடக்க நின்றோம். வாகனங்கள் விடவில்லை. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது நான் பிடித்த மாதிரி.

"அவர் எங்க மாறிப் போனாரெண்டு கேட்டிரிக்கலாமே உம்மா" என்றாள்.

"கேட்டிரிக்கலாம்" என்றேன்.

வாகனங்கள் குறைந்தன. கடந்தோம். இன்றுவரை நான் கேட்கவில்லை.